கூகுள் பார்ப்பது உங்கள் போன் பக்கத்தை: ராமநாதபுரம் கரையோரத் தொழில்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரத்தில் லாட்ஜ், தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று, பாம்பனில் கருவாடு, கீழக்கரையில் டிராவல்ஸ். தொழில் எதுவானாலும் சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்திருப்பவர்கள் நம் கரையோரத்தில் இப்போது நிறையப் பேர். அநேகமாக எல்லோருக்கும் நடந்தது ஒன்றுதான். சைட் செய்து கொடுத்தவர் லேப்டாப்பில் திறந்து காட்டினார், ஓனருக்குப் பிடித்திருந்தது, பணம் கைமாறியது. அதற்குப் பிறகு அந்த சைட்டை ஓனர்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

தேடி வருகிறவர் கையில் லேப்டாப் கிடையாது. மதுரையில் பஸ் ஏறி, பரமக்குடி தாண்டியதும் போனை எடுத்து "ராமேஸ்வரம் ரூம்" என்று தட்டுகிறவர் அவர். கூகுளும் அவர் பக்கம் சாய்ந்து பல வருடமாகிறது. புரோகிராம் கோடு எழுதத் தெரியாத, இந்த விஷயத்துக்குப் புதிதான ஓனர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சில வேலைகளை நீங்களே முடித்துவிடலாம். மற்றவற்றை சைட் செய்தவரிடம் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும். அப்போது என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால், தேவையில்லாத வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டியிராது.

கூகுள் என்னதான் மாற்றியது?

2015 பிப்ரவரியில் அறிவித்து, அதே வருடம் ஏப்ரல் 21 அன்று கூகுள் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. போனில் தேடுகிறவர்களுக்கு, போனில் படிக்க வசதியான பக்கங்களைக் கொஞ்சம் மேலே காட்டும் மாற்றம். இணையத் தொழிலில் இருந்தவர்கள் அதற்கு 'மொபைல்கெடான்' என்று பெயர் வைத்துப் பதறினார்கள். அது போனில் நடக்கும் தேடலை மட்டுமே தொட்டது. சைட் முழுவதையும் எடை போடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் இத்தனை சத்தமில்லாமல் வந்தது. 2016 நவம்பரில் அறிவித்து, 2018 மார்ச்சில் பரவலாகத் தொடங்கி, 2019 ஜூலை 1 முதல் புதிய சைட்டுகள் எல்லாவற்றுக்கும் நடைமுறையாக்கி, 2023 அக்டோபர் இறுதியில் வேலை முடிந்தது என்று கூகுள் சொன்னது. 'மொபைல் ஃபர்ஸ்ட் இண்டெக்ஸிங்', அதாவது போன் பக்கத்தைப் படித்தே தேடல் பட்டியலில் சேர்ப்பது, என்று அதற்குப் பெயர். இணையப் பக்கங்களைப் படித்துப் பட்டியலிடும் கூகுளின் மென்பொருளை ரோபோ என்பார்கள். அது இப்போது உங்கள் பக்கத்தை ஒரு ஸ்மார்ட்போன் வேடத்தில் வந்து படிக்கிறது. போனில் வராத எழுத்து, போனில் வராத படம் எதுவும் அதன் கணக்கில் ஏறாது. டெல்லியில் ஒருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினாலும், ரோபோ போனாக வந்து படித்துப்போனதை வைத்துத்தான் அவருக்குப் பதில் வரும்.

கடைசி மிச்சமும் 2024 ஜூலை 5க்குப் பிறகு தீர்ந்தது. போனில் அறவே திறக்காத சைட்டை இனி தேடல் பட்டியலில் சேர்க்க மாட்டோம் என்று கூகுள் சொல்லிவிட்டது. இதைத் திரித்து, "மொபைல் ஃப்ரெண்ட்லியா இல்லன்னா கூகுள் உங்க பேரையே அழிச்சிடும் அண்ணே" என்று பயம் காட்டி வேலை பிடிக்கிறவர்கள் உண்டு. போனில் திறக்கவே செய்யாத பக்கம் வேறு, திறந்தும் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய பக்கம் வேறு. இரண்டாவது வகையை கூகுள் நீக்குவதில்லை. வந்த ஆள்தான் பின்னால் போய் அடுத்த லாட்ஜைத் தட்டுவார்.

முதல் வேலை: வெயிலில் நின்று திறந்து பாருங்கள்

எந்தக் கருவியும் வேண்டாம். வீட்டில் உள்ளதிலேயே விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனை எடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து (பழைய சேமிப்பு எதுவும் உதவிக்கு வராது) உங்கள் சைட்டுக்குப் போங்கள். ஏசி அறையில் வேண்டாம், வாசலுக்கு வாருங்கள். அக்னி தீர்த்தக் கரையில் நிற்கிறவரின் போன் திரையில் என்ன வெளிச்சம் விழும் என்று உங்களுக்கே தெரியும். வெளிர் சாம்பல் நிற எழுத்து அங்கே காணாமலே போய்விடும்.

திறந்ததும் கவனிக்க வேண்டியவை: படிக்க இரண்டு விரலால் விரிக்க வேண்டியிருக்கிறதா? பக்கம் இடமும் வலமும் ஆடுகிறதா? போன் நம்பரைத் தொட்டால் டயல் ஆகிறதா? ஒரு பட்டனைத் தொட்டால் பக்கத்துப் பட்டன் அழுந்துகிறதா? படித்துக்கொண்டிருக்கும்போதே வரிகள் குபீரென்று கீழே குதிக்கின்றனவா?

முகப்போடு நிறுத்திவிடாதீர்கள். வாடகைப் பக்கம், தொடர்பு கொள்ளும் பக்கம், கருவாடு விற்பவர் என்றால் நெத்திலிப் பக்கம், திருக்கைப் பக்கம் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். கூகுளிலிருந்து வருகிறவர் நேராக அந்த உள்பக்கத்தில்தான் வந்து இறங்குவார்.

வீட்டில் வயதானவர் ஒருவரிடமும் போனைக் கொடுத்து, "ரூம் வாடகை எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க அத்தா" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நாம் வழி சொல்லிக் கொடுக்காமல் அவர் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் இதைக் காட்டாது.

சாவி யார் கையில்?

திருத்த இறங்குமுன் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்குங்கள். டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? ஹோஸ்டிங், அதாவது சைட் கோப்புகள் இருக்கும் வாடகை இடம், அதன் லாகின் யாரிடம் இருக்கிறது? சைட்டை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியிருந்தால் அட்மின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? பையன் ஒருத்தன் செய்து கொடுத்தான், இப்போது துபாயில் இருக்கிறான், போன் எடுப்பதில்லை என்பது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பதில். டொமைன் உங்கள் பெயரிலும், அதற்கான ஈமெயில் உங்கள் கையிலும் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கட்டும் வீடுதான். முதலில் அதை மாற்றி வாங்குங்கள். பிறகு சைட் முழுவதற்கும் ஒரு பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

சர்ச் கன்சோலில் சேருங்கள்

கூகுள் தேடலில் உங்கள் சைட் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து சைட் முகவரியைச் சேர்த்து, அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். டொமைன் அமைப்பில் ஒரு வரி சேர்ப்பது ஒரு வழி. சைட்டில் ஒரு சின்னக் கோப்பை ஏற்றுவது இன்னொரு வழி. சைட் செய்தவருக்குச் சில நிமிட வேலை. ஆனால் அவர் கணக்கில் இல்லாமல் உங்கள் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் என்று ஒரு பெட்டி இருக்கும். ஏதாவது ஒரு பக்கத்தின் முகவரியை அதில் போட்டால், கூகுள் அதைச் சேர்த்திருக்கிறதா, கடைசியாக எப்போது வந்து படித்தது, எந்த ரோபோ வந்தது என்ற விவரம் கிடைக்கும். 'லைவ் டெஸ்ட்' கொடுத்தால் ரோபோவின் கண்ணுக்குப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் காட்டும். அந்தப் படம் போன் திரை போல ஒடுங்கி நீளமாக இருக்கும். அதில் உங்கள் வாடகைப் பட்டியல் இல்லையென்றால் கூகுளுக்கும் அது தெரியாமல் இருக்கலாம்.

பழைய யூடியூப் வீடியோக்கள் எல்லாம் 'மொபைல் ஃப்ரெண்ட்லி டெஸ்ட்' என்ற பக்கத்துக்குப் போகச் சொல்லும். அதையும், சர்ச் கன்சோலில் இருந்த மொபைல் யூசபிலிட்டி அறிக்கையையும் கூகுள் 2023 டிசம்பரில் மூடிவிட்டது. தேடி அலையாதீர்கள். அதற்குப் பதில் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் பக்கத்தைப் போனிலேயே திறந்து முகவரி கொடுக்கலாம். 100க்கு எத்தனை என்று மார்க் போடும்: 90க்கு மேல் பச்சை, 50க்குக் கீழே சிவப்பு. இந்த மார்க்கைப் பார்த்து கூகுள் வரிசைப்படுத்துவதில்லை. 97ஐ 100 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கீழே அது சொல்லும் குறைகள்தான் நமக்கு வேண்டியவை.

பக்கம் திரைக்குள் அடங்க வேண்டும்

சைட் செய்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வ்யூபோர்ட் மெட்டா டேக் இருக்கிறதா?" திரை எத்தனை அகலமோ அத்தனை அகலத்துக்குப் பக்கத்தை அமை என்று போனுக்குச் சொல்லும் ஒற்றை வரி அது. அது இல்லாவிட்டால் போன் உங்கள் சைட்டைப் பழைய கம்ப்யூட்டர் பக்கம் என்று நினைத்து, முழுசாகச் சுருக்கி எறும்பு எழுத்தில் காட்டும். இரண்டாவது கேள்வி: "விரித்துப் பார்ப்பதைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா?" சிலர் அழகுக்காக ஜூம் செய்வதை அடைத்துவிடுவார்கள். கண் மங்கியவர்கள் நிறைய வரும் ஊர் இது, திறந்துவிடச் சொல்லுங்கள்.

போனுக்கு ஒரு சைட், கம்ப்யூட்டருக்கு ஒரு சைட் என்று தனித்தனி முகவரியில் வைத்திருந்த காலம் உண்டு. கூகுள் பரிந்துரைப்பது ஒரே முகவரி, ஒரே பக்கம், திரைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் அமைப்பு. 'ரெஸ்பான்சிவ்' என்று கேட்டால் போதும். இன்று கிடைக்கும் வேர்ட்பிரஸ் தீம்கள் (ஆயத்த வடிவமைப்புகள்) அநேகமாக எல்லாமே அப்படித்தான் வருகின்றன. உங்கள் சைட் பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு, டேபிள் போட்டுக் கட்டியது என்றால் ஒட்டுப் போட்டுக் காசைக் கரைக்காமல் புதிதாகவே செய்துவிடுங்கள். லாட்ஜ் சைட்டுக்கு ஆறேழு பக்கம் தாராளம்.

அதிகம் உதைப்பது விலைப் பட்டியல்தான். டபுள் பெட், ஏசி, ஏசி இல்லாதது, நான்கு பேர், எட்டுப் பேர், சீசன் வாடகை, சாதா நாள் வாடகை என்று ஏழு கட்டம் போட்டால் போன் திரை தாங்காது, பக்கமே வலப்பக்கம் ஓடும். ஒவ்வொரு ரூம் வகையையும் தனித்தனிப் பெட்டியாக ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். கட்டாயம் கட்டம்தான் வேண்டுமென்றால் அந்தக் கட்டம் மட்டும் தன் பெட்டிக்குள் நகரட்டும், பக்கம் நகரக் கூடாது.

தமிழ் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

தமிழ் சைட்டுகளுக்கென்றே உள்ள வியாதிகளைப் பற்றி இங்கிலீஷ் வழிகாட்டிகள் எதுவும் பேசாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வியாதி, போஸ்டர். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் செய்த டிசைனை அப்படியே படமாக சைட்டில் ஏற்றிவிடுவது. லாட்ஜ் பெயர், வாடகை, "கோயிலுக்கு மிக அருகில்", போன் நம்பர் எல்லாம் அந்தப் படத்துக்குள். கம்ப்யூட்டரில் கம்பீரமாக இருக்கும். போனில் அந்தப் போஸ்டர் மூன்று விரல் அகலத்துக்குச் சுருங்கும்போது நம்பர் தெரியாது, தொட்டாலும் டயல் ஆகாது. முக்கியமான விஷயத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்று கூகுளும் சொல்கிறது. போஸ்டர் ஆசையிருந்தால் இருக்கட்டும். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் கீழே எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பழைய ஃபான்ட். பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே சைட்டில் போட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குவியல். ஃபான்ட் இல்லாத போனில் அந்தக் குவியல்தான் தெரியும். கூகுளுக்கு எந்தப் போனிலும் அந்தக் குவியல்தான். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: உங்கள் சைட்டில் ஒரு வரியை அழுத்திப் பிடித்து, காப்பி எடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் எல்லாப் போனும் புரிந்துகொள்ளும் யூனிகோடு எழுத்து, கவலையில்லை. கன்னாபின்னாவென்று வந்தால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வரி வரியாகப் படித்துவிடுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, அளவு. சாதாரண வரிகளுக்கு 16 பிக்சலுக்குக் குறையாமல் வைக்கச் சொல்லுங்கள். தமிழுக்கு 17, 18 வைத்தாலும் தப்பில்லை. வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.6 மடங்காவது வைக்க வேண்டும். இங்கிலீஷுக்காகச் செய்த தீம்களில் தலைப்பு வரிகள் நெருக்கமாக இருக்கும். அங்கே தமிழ் போட்டால் மேல் வரியின் உகரச் சுழி கீழ் வரியின் இகரக் கொக்கியில் போய் இடிக்கும். நம் சொற்கள் நீளம் வேறு. "தங்குமிடங்களுக்கான முன்பதிவிற்கு" என்று பட்டனில் எழுதினால் பட்டன் உடைந்து மூன்று வரியாகும். "ரூம் கேட்க", "வழி", "வாடகை" போதும்.

ஃபான்டுக்காகப் பெரிய கோப்புகளை ஏற்ற வேண்டாம் என்பது என் கட்சி. ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோனிலும் நல்ல தமிழ் எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. அலங்கார எழுத்து ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் தலைப்புக்கு மட்டும், ஒரே ஒரு தடிமன். அந்த ஃபான்ட் இறங்கும்வரை எழுத்தே தெரியாமல் வெற்றிடமாக விடாமல், போனில் உள்ள எழுத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

வடநாட்டு யாத்ரீகர்களுக்காக இந்தியில் வேண்டுமென்றால் தனிப் பக்கமாக, தனி முகவரியில் வையுங்கள். தெரிந்தவரை வைத்து ஒரு பக்கம் ஒழுங்காக எழுதினால் போதும். ஒரே பக்கத்தில் மூன்று மொழியைக் குழைத்து வைத்தால் யாருக்கும் பயன்படாது.

எடையைக் குறையுங்கள்

தனுஷ்கோடிப் பக்கம் போனால் சிக்னல் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி அமாவாசை அன்று ராமேஸ்வரம் நடுத்தெருவிலேயே நெட் திணறும். அந்த நேரத்தில் திறக்கிற சைட்தான் சைட்.

கூகுள் இதற்கு மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது. 'கோர் வெப் வைட்டல்ஸ்' என்ற பெயரில் 2021இல் இவற்றைத் தேடல் வரிசையில் சேர்த்தார்கள். பக்கத்தின் பெரிய பகுதி, பெரும்பாலும் முதல் படம், 2.5 விநாடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பக்கம் அசைய வேண்டும். இந்த அளவுகோல் 2024 மார்ச்சில்தான் வந்தது, முன்பு இருந்ததை மாற்றிவிட்டு. படிக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. வந்து பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்காவது இது நடந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. சின்ன சைட்டுகளுக்கு "போதிய தரவு இல்லை" என்று வரும். ஆள் வரத்துக் குறைவு என்பதைத் தவிர அதில் வேறு அர்த்தம் இல்லை.

இந்த மூன்றையும் கெடுப்பது நம் ஊர் சைட்டுகளில் பெரும்பாலும் படம்தான். போனில் எடுத்த ஒரு போட்டோ மூன்று, நான்கு எம்பி இருக்கும். அப்படிப் பத்துப் போட்டோவை ரூம் பக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கிவிடும். ஸ்குவூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே இதைச் செய்யும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் கோடில் எழுதச் சொல்லுங்கள். அது இருந்தால் படம் வருவதற்கு முன்பே போன் அதற்கு இடம் ஒதுக்கி வைக்கும், வரிகள் குதிக்காது. கீழே உள்ள படங்கள், ஆள் அங்கே வரும்போது இறங்கினால் போதும். 'லேசி லோடிங்' என்று சொன்னால் புரியும். முதல் படத்துக்கு மட்டும் அதைப் போடக் கூடாது. போட்டால் முதலில் தெரிய வேண்டியது கடைசியில் தெரியும். வேர்ட்பிரஸ் பிளகின்கள் (அதில் மாட்டும் கூடுதல் வசதிகள்) சில, கேட்காமலே எல்லாப் படத்துக்கும் இதைப் போட்டுவிடும், சரிபாருங்கள்.

மேலே தானாக நகரும் ஸ்லைடர் எல்லோருக்கும் பிடிக்கும்: பாம்பன் பாலம், கோயில் கோபுரம், சூரிய உதயம், மறுபடி பாம்பன் பாலம். எடுத்துவிடுங்கள். ராமேஸ்வரம் எப்படியிருக்கும் என்று தேடி வருகிறவர் உங்கள் சைட்டுக்கு வர மாட்டார்; ரூம் எப்படியிருக்கும், பாத்ரூம் சுத்தமா என்று பார்க்கத்தான் வருவார். ஒரே ஒரு நல்ல ரூம் போட்டோ அந்த இடத்தில் இருக்கட்டும். ட்ரோன் வீடியோ தானாக ஓடுவதும் அப்படித்தான், வருகிறவரின் டேட்டாவைத் தின்றுவிட்டுப் போகும். யூடியூபில் ஏற்றிவிட்டு, சைட்டில் ஒரு படத்தை மட்டும் வைத்து, தொட்டால் ஓடும்படி செய்யலாம்.

வேர்ட்பிரஸ்காரர்கள் பிளகின் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். விழுகிற பூ, பனித்துளி, பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் கவுன்டர் எல்லாம் எதற்கு என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

போனில் மறைத்ததைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

சைட் செய்பவர்கள் சிலர், போனில் இடம் போதவில்லை என்று பாதி எழுத்தை மறைத்துவிடுவார்கள். நாற்றுப் பண்ணை சைட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் திறந்தால் என்ன ரக மல்லிகை, எத்தனை மாத நாற்று, எந்த மண்ணுக்கு ஒத்து வரும், வெளியூருக்கு எப்படிக் கட்டி அனுப்புவார்கள் என்று எல்லாம் இருக்கும். போனில் ஒரு படமும் ஒரு நம்பரும் மட்டும். முன்பானால் கூகுள் கம்ப்யூட்டர் பக்கத்தைப் படித்து, "மல்லிகை நாற்று வெளியூருக்கு அனுப்புவார்களா" என்று தேடுகிறவருக்கு உங்களைக் காட்டியிருக்கும். இன்று அந்த வரிகள் அதன் கண்ணில் படவே படாது.

எல்லாம் போனிலும் இருக்க வேண்டும், சுருட்டி வைக்கலாம். தலைப்பைத் தொட்டால் விரியும் பெட்டிக்குள் எழுத்தை வைப்பதில் கூகுளுக்கு ஆட்சேபணை இல்லை, அந்த எழுத்து முதலிலேயே பக்கத்தில் இறங்கியிருந்தால். தொட்ட பிறகுதான் சர்வரிலிருந்து எடுத்து வரும் என்றால் சிக்கல்: ரோபோ எதையும் தொட்டுப் பார்க்காது. பக்கத் தலைப்பு, படங்களுக்கான விளக்கச் சொல் எல்லாம் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றாகவே இருக்கட்டும். ரோபோ எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில், பக்கத்தின் தோற்றத்தையும் அசைவையும் அமைக்கும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை அடைத்து வைத்திருந்தால் திறந்துவிடச் சொல்லுங்கள். அடைத்தால் பக்கம் போனில் ஒழுங்காகத்தான் தெரிகிறது என்பதே ரோபோவுக்குத் தெரியாது.

விரலுக்கு இடம், கண்ணுக்கு வழி

நம்பரைத் தொட்டால் டயல் ஆக வேண்டும். நாட்டுக் குறியீடு +91உடன் சேர்த்து இணைப்புக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து கீழக்கரைக்காரர்கள் கூப்பிடும்போதும் இறங்கும். பட்டன்கள் 48 பிக்சல் உயரமாவது இருந்து, ஒன்றுக்கொன்று இடைவெளியும் விட்டால் ஈர விரலிலும் தப்பாமல் அழுந்தும். 22 தீர்த்தம் ஆடிவிட்டு வருகிறவர் விரல் அது.

வந்தவுடன் திரையை மூடும் விளம்பரம், பொங்கல் வாழ்த்து, "எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள்" வகையறாவை கூகுள் 2017 ஜனவரி 10 முதல் போன் தேடலில் குறையாகவே கணக்கில் வைக்கிறது. சட்டப்படி கேட்க வேண்டிய அனுமதி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மிதக்கும் வாட்ஸ்அப் பட்டன் ஒன்று இருக்கலாம். அதன் மேல் சாட் பட்டன், அதன் மேல் மேலே போகும் அம்பு என்று மூன்று அடுக்கினால் வாடகைத் தொகை அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

மேப்பில் வரும் உங்கள் கடை தனிக் கணக்கு. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற அந்தப் பதிவில் தேடிய சொல்லுக்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு தெரிந்த இடம் என்பவற்றை வைத்து வரிசை வருகிறது. சைட்டை எவ்வளவு திருத்தினாலும் அங்கே நம்பர் தப்பாக இருந்தால் பயனில்லை. மீன் வியாபாரிகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை இரண்டு இடத்திலும் எழுதி வைத்தால் வீண் போன்கள் குறையும்.

என்ன கேட்பார்கள் என்பதை எழுதுங்கள்

போனுக்கு ஏற்றபடி செய்துவிட்டால் முதலிடம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலிடம் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது, கூகுளே அப்படித்தான் எச்சரிக்கிறது. தேடியதற்குப் பதில் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஒரே மாதிரி பதில் உள்ள பக்கங்கள் நாலைந்து போட்டியிடும்போது போனில் சுளுவாகத் திறக்கும் பக்கத்துக்குக் கை ஓங்கும்.

லாட்ஜுக்குப் போன் பண்ணுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் ரிசப்ஷனில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கோயிலுக்கு நடந்து போகலாமா? விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போக வசதியா? பஸ் நிறுத்த இடமுண்டா? குளித்துத் துணி மாற்ற மட்டும் ரூம் தருவீர்களா? ஏர்வாடிக்கு வண்டி ஏற்பாடு உண்டா? அந்தக் கேள்விகளும் நேரான பதில்களும்தான் உங்கள் முகப்புக்கு அடுத்த முக்கியமான பக்கம். ஏஎம்பி (போனில் வேகமாகத் திறக்க கூகுள் கொண்டுவந்த தனி வடிவம்) பக்கம் வேண்டும், தனி ஆப் வேண்டும் என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இரண்டு நாள் தங்கிப் போகிறவர் லாட்ஜுக்காக ஆப் இறக்க மாட்டார்.

திருத்திய பிறகு

முகவரிகளை முடிந்தவரை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பம், அதாவது 301 ரீடைரக்ட், போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் புது சைட் ஏற்றினால் பழைய பக்கங்கள் சேர்த்து வைத்த பெயர் கைவிட்டுப் போகும். வேலை முடிந்ததும் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் முக்கியமான பக்கங்களைப் போட்டு, மறுபடி படிக்கச் சொல்லிக் கோரிக்கை கொடுங்கள். கூகுள் வந்து போக சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தினமும் தேடிப் பார்த்துப் படபடப்பதில் அர்த்தமில்லை; சொந்தப் போனில் தேடினால் உங்கள் பழக்கத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் ஏற்றபடி பதில் மாறித் தெரியும்.

பலனைப் பார்க்க வேண்டிய இடம் சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கை. அங்கே சாதனம் என்று ஒரு வடிகட்டி இருக்கும், மொபைலை மட்டும் தேர்ந்தெடுங்கள். எந்தச் சொல்லுக்கு எத்தனை தடவை கண்ணில் பட்டீர்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்று வரும். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று முடிவு கட்டினால் நம் ஊருக்குப் பொருந்தாது. கூட்டம் மாதக் கணக்கில் வருவதில்லை. அறிக்கையில் 16 மாதத் தரவு இருப்பதால் போன வருடத்தோடு ஒப்பிடலாம். அதிலும் தேதியைத் தேதியோடு வைக்காதீர்கள். ஆடி அமாவாசை 2024இல் ஆகஸ்ட் 4 அன்று வந்தது, 2025இல் ஜூலை 24 அன்றே வந்துவிட்டது. அமாவாசைக்கு முந்தைய பத்து நாளை, முந்தைய வருட அமாவாசைக்கு முந்தைய பத்து நாளோடு தேதி கொடுத்து ஒப்பிட்டால்தான் கூட்டத்தால் ஏறியது எது, உங்கள் வேலையால் ஏறியது எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.